பேஸ்மேக்கர் லீடுக்கு எந்தச் சிரை? கேத் லேப் மேசையிலிருந்து சில குறிப்புகள்

பேஸ்மேக்கரிலிருந்து சிரை வழியாக இதயத்துக்குப் போகும் கம்பியான லீட் பழுதாகி வருகிறவர்களின் எக்ஸ்ரேயைப் பார்த்தால், முறிவு பல சமயம் ஒரே இடத்தில்தான் இருக்கும். காறை எலும்பும் முதல் விலா எலும்பும் நெருங்குகிற அந்த உள்முக்கு. இரண்டையும் கட்டிப்போடும் தடித்த தசைநாரும், சப்க்ளேவியஸ் என்ற சின்னத் தசையும் அங்கே இருக்கின்றன. ஊசியை மார்பெலும்புப் பக்கம் ஒட்டிக் குத்தினால், லீட் அந்தத் தசைநாரைத் துளைத்துக்கொண்டுதான் சிரைக்குள் போகும். பிறகு கை தூக்கும்போதும் இறக்கும்போதும் பாக்குவெட்டியில் மாட்டிய பாக்குதான். முதலில் லீடின் மேலுறையான இன்சுலேஷன் கிழியும், மின்தடையான இம்பீடன்ஸ் 200 ஓமுக்குக் கீழே இறங்கும். உள்ளே இருக்கும் கம்பியே முறிந்தால் 2000 ஓமைத் தாண்டி ஏறும். மண்வெட்டி பிடிக்கிறவர், மூட்டை தூக்குகிறவர் என்றால் இந்தத் தேய்மானம் இன்னும் சீக்கிரம் வரும்.

ஆகவே எந்தச் சிரை என்று கேட்பதற்கு முன்னால், லீட் சிரைக்குள் நுழையும் புள்ளி மார்புக்கூட்டுக்கு வெளியே இருக்கிறதா என்று கேட்க வேண்டும். தோள் பள்ளத்தில் ஓடும் செஃபாலிக் சிரையைத் திறந்து போனாலும், அக்குளிலிருந்து வரும் ஆக்ஸிலரி சிரையைக் குத்திப் போனாலும் அந்த நிபந்தனை நிறைவேறிவிடும். காறை எலும்புக்கு அடியிலுள்ள சிரையைக் குத்தும் வழக்கமான சப்க்ளேவியன் குத்தலில் நிறைவேறாது. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2021 வழிகாட்டி நெறிகளும் செஃபாலிக் அல்லது ஆக்ஸிலரியைத்தான் முதல் தேர்வாகச் சொல்கின்றன. லீடை உள்ளே விட்டதும் உரித்து எடுக்கும் குழாயான ஷீத் 1979-இல் வந்த பிறகு சப்க்ளேவியன் குத்தல் உலகமெங்கும் பரவியது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதே அதன் கவர்ச்சி. லீட் பத்துப் பதினைந்து வருடம் ஓட வேண்டிய பொருள் என்ற கணக்கு அந்த வேகத்தில் அடிபட்டுப் போனது.

கத்தி எடுக்கும் முன்

வார்டிலேயே முடிவாக வேண்டியவை சில உண்டு. எந்தக் கையால் வேலை செய்கிறார் என்று கேளுங்கள். வலக்கைக்காரர் என்றால் இடப்பக்கம். இடப்பக்கத்திலிருந்து லீட் இயல்பான வளைவோடு இதயத்துக்குப் போகும், வலப்பக்கத்தில் மேற்பெருஞ்சிரைக்குள் இறங்கும் இடத்தில் ஒரு முரட்டுத் திருப்பம் இருக்கும். டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்த ஃபிஸ்டுலா இருக்கும் பக்கத்தைத் தொடவே கூடாது. ஃபிஸ்டுலா இன்னும் போடவில்லை, ஆனால் சிறுநீரகம் அந்த நிலையை நோக்கிப் போகிறது என்றால், சிறுநீரக மருத்துவரிடம் பேசிவிட்டுப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். லீட் இல்லாமல் இதயத்துக்குள்ளேயே வைக்கும் லீட்லெஸ் பேஸ்மேக்கர் பொருந்துமா என்பதையும் அப்போதே யோசிப்பது நல்லது. மார்பகம் எடுத்து அக்குள் நிணநீர்க் கணுக்களையும் நீக்கிய பக்கம், கதிர்வீச்சு கொடுத்த பக்கம், முன்பு டயாலிசிஸ் கதீட்டர் இருந்த பக்கம் எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும்.

இதயத்தின் மின்தூண்டல் தடைபடும் ஹார்ட் பிளாக்கோடு அவசரமாக வருகிறவருக்குத் தற்காலிக பேஸ்மேக்கர் வயர் போடுவது பெரும்பாலும் இரவு ட்யூட்டி மருத்துவர்தான். அவர் இடது சப்க்ளேவியனைக் குத்திவிட்டால் மறுநாள் நிரந்தர பேஸ்மேக்கருக்கு அந்த இடம் கெட்டது. கழுத்தில் வலது ஜுகுலர் அல்லது தொடைச் சிரை வழியாகத்தான் போக வேண்டும் என்று அவசரப் பிரிவில் எழுதி ஒட்டி வையுங்கள்.

சிரையில் மருந்து ஏற்றப் போடும் வென்ஃப்ளான் எந்தக் கையில் என்பதும் வார்டுக்குச் சொல்ல வேண்டிய விஷயம். பேஸ்மேக்கர் இடப்பக்கம் என்றதும் வார்டில் வலது கையில் போட்டு அனுப்பிவிடுவார்கள். அது தப்பு. பேஸ்மேக்கர் வைக்கும் பக்கத்திலேயே, முடிந்தால் முழங்கை மடிப்பின் உட்புறம், 18 அல்லது 20 கேஜில் ஒன்று வேண்டும். அந்தச் சிரை நேரே ஆக்ஸிலரிக்குப் போய்ச் சேரும். புறங்கையில் போட்ட மெல்லிய 22 கேஜ் வழியாக, எக்ஸ்ரேயில் சிரையைக் காட்டும் டை கொடுத்தால் அது மெதுவாக ஊர்ந்து, கலங்கலாகத்தான் படத்தில் தெரியும்.

பட்டினியும் கவனிக்க வேண்டியது. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட மூதாட்டியின் கேஸ், லிஸ்ட் தள்ளிப்போய் மறுநாள் மதியம் மேசைக்கு வருகிறது. சிரையில் ரத்தமே இல்லாத மாதிரி சப்பையாகக் கிடக்கும். இதயம் பலவீனமாகவோ நுரையீரலில் நீரோடோ இல்லாதவர்களுக்குக் காலையிலிருந்தே சலைன் ஓட விடுங்கள். மேசையில் காலுக்கடியில் ஆப்பு வடிவத் தலையணை வைத்து உயர்த்தினால், தலையைத் தாழ்த்துவதை விட நோயாளிக்கும் சௌகரியம், சிரையும் நன்றாக நிரம்பும். தோல்வியடைந்த குத்தல்களில் கணிசமானவை தண்ணீர் வறட்சியால் வந்தவை என்பது எங்கள் கணிப்பு.

ரத்த உறைவு எதிர்ப்பு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு வார்ஃபரினை நிறுத்தி ஹெப்பாரின் ஊசி போடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. 2013-இல் வெளிவந்த புரூயிஸ் கண்ட்ரோல் ஆய்வில், ஹெப்பாரினுக்கு மாற்றியவர்களில் 16 சதவீதம் பேருக்கும், வார்ஃபரினைத் தொடர்ந்தவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும்தான் பேஸ்மேக்கர் வைக்கும் தோலடிப் பாக்கெட்டில் ரத்தம் கட்டியது. இப்படிப்பட்ட நோயாளிக்கு, கண்ணால் பார்த்துத் திறக்கும் செஃபாலிக் வழி மனநிம்மதி தரும். அடுத்தது அல்ட்ராசவுண்ட் வைத்து ஆக்ஸிலரி.

செஃபாலிக்

தோள் தசைக்கும் மார்புத் தசைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் ஒரு மஞ்சள் கொழுப்புக் கோடு ஓடும். சிரை அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. காறை எலும்புக்கு 2 செ.மீ. கீழே, 4 முதல் 5 செ.மீ. நீளத்துக்குக் கீறி, மார்புத் தசையின் உறை தெரியும் வரை போங்கள். தசை நார்களின் ஓட்டத்தைப் பாருங்கள். தோள் தசையின் நார்கள் செங்குத்தாக இறங்கும், மார்புத் தசையின் நார்கள் சாய்ந்து போகும். இரண்டும் சந்திக்கிற இடமே பள்ளம். கொழுப்பைக் கத்தரியால் நறுக்காமல், நுனி மழுங்கிய ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை நீளவாக்கில் திறந்து திறந்து விலக்குங்கள். சிரையோடு சேர்ந்தே ஒரு சின்னத் தமனிக் கிளையும் ஓடும். அதை அறுத்துவிட்டால் பள்ளம் முழுக்க ரத்தமாகி, மீதி வேலை குருட்டாட்டமாகிவிடும்.

மரத்துப்போகும் மருந்தை மறந்து அளவு மீறிவிடுவது இங்கேதான் நடக்கும். அட்ரினலின் கலக்காத லிக்னோகெய்ன் கிலோவுக்கு 4.5 மி.கிராம் வரைதான். 50 கிலோ எடை உள்ளவருக்கு 225 மி.கிராம். நம் ஊர் குப்பிகளில் பெரும்பாலும் 2 சதவீதம் என்பதால் 11 மி.லி.தான் கணக்கு. சலைனில் பாதிக்குப் பாதி கலந்து 22 மி.லி. ஆக்கிக்கொண்டால் பாக்கெட்டுக்கும் பள்ளத்துக்கும் போதும்.

ஒன்றரை, இரண்டு செ.மீ. நீளத்துக்குச் சிரையைப் பிரித்தெடுத்ததும் கீழ்முனையில் பட்டு நூலால் முடிச்சு, மேல்முனையில் முடிச்சிடாத வளையம். 11-ஆம் எண் பிளேடால் சிரையின் விட்டத்தில் பாதிக்கு மேல் போகாமல் கீறுங்கள். முழுக்க அறுந்தால் மேல்முனை சுருங்கி உள்ளே ஓடிவிடும். அதன் பிறகு தேடுவது வீண். கீறலின் உதட்டைத் தூக்கிப் பிடித்து, லீடை நேரே நுழைப்பதை விட, முனை வளைந்த வழுக்கும் 0.035 இன்ச் வயரை முதலில் அனுப்புவதே சிறந்தது. ஆக்ஸிலரியோடு சேரும் இடத்தில் இந்தச் சிரை செங்கோணமாகத் திரும்பும். லீட் அங்கே முட்டி நிற்கும், அல்லது கைப்பக்கம் போய்விடும். வயரைச் சுழற்றிக்கொண்டே தள்ளி, கையை உடம்போடு ஒட்டியோ சற்று விலக்கியோ வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் வழி விடும். முரட்டுத்தனமாகத் தள்ளினால் சிரை கிழிந்து, வயர் தசைக்குள் சுருண்டுகொள்ளும்.

தொடத் தொட சிரை சுருங்கி நூல் மாதிரி ஆகிவிடுவதும் உண்டு. அப்போது கைவேலையை நிறுத்துங்கள். லிக்னோகெய்னைச் சிரை மேல் ஊற்றி, ஈரத் துணியால் மூடிவிட்டு, அந்த நேரத்தில் பாக்கெட்டைத் தயார் செய்யுங்கள். திரும்பி வரும்போது பெரும்பாலும் விரிந்திருக்கும். வயர் போய்விட்டால் மேலே 7 ஃபிரெஞ்ச் உரிக்கும் ஷீத் போகும். முதல் லீடை அனுப்பும்போது வயரையும் உள்ளேயே விட்டுவைத்தால், அதே வழியில் இரண்டாவது ஷீத்தையும் ஏற்றலாம். ஆனால் சிரை 3 மி.மீ.க்கும் குறைவாக இருந்தால் இரண்டு லீடையும் அதற்குள் திணிக்கும் பிடிவாதம் வேண்டாம். ஒன்றை நகர்த்தும்போது மற்றது கூடவே நகர்ந்து, இதயத்தின் மேலறையான ஆட்ரியத்தில் வைத்த லீட் கழன்றுவிடும். ஒன்று செஃபாலிக்கில், மற்றது ஆக்ஸிலரியில் என்று பிரித்துவிடுவதே நல்ல ஏற்பாடு.

15 நிமிடம் தேடியும் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தது வலைப்பின்னலாக நான்கைந்து மெல்லிய இழைகள் என்றால் விட்டுவிடுங்கள். எல்லாருக்கும் செஃபாலிக் அமையாது. அது செய்பவரின் திறமைக் குறைவு அல்ல.

ஆக்ஸிலரி

முதல் விலா எலும்பின் வெளி விளிம்பு வரை அந்தச் சிரையின் பெயர் ஆக்ஸிலரி, அதைத் தாண்டினால் சப்க்ளேவியன். குத்த வேண்டியது எல்லைக்கு இந்தப் பக்கம். சிரைக்கு அடியில் விலா எலும்பு இருக்கும்போது ஊசி ஆழமாகப் போனாலும் எலும்பில் தட்டி நிற்கும், நுரையீரலைத் தொடாது. இந்த வழியின் பாதுகாப்பு முழுவதும் அந்த எலும்பில்தான் இருக்கிறது.

நேரடி எக்ஸ்ரே கருவியான ஃப்ளூரோவை நேராக வைத்து முதல் விலா எலும்பின் வளைவைக் கண்டுபிடியுங்கள். புதிதாகக் கற்பவர்கள் இரண்டாவது விலா எலும்பை முதலாவது என்று நினைத்துவிடுவார்கள். மேலிருந்து சின்ன வளையமாக, காறை எலும்பைக் குறுக்கே வெட்டிப்போவதே முதலாவது. 18 கேஜ் ஊசி, 10 மி.லி. சிரிஞ்சில் 3 மி.லி. சலைன். காறை எலும்பின் கீழ் விளிம்பும் முதல் விலா எலும்பின் வெளி விளிம்பும் வெட்டிக்கொள்ளும் இடத்தை நோக்கி, உறிஞ்சிக்கொண்டே ஊசியை இறக்குங்கள். ஊசி நுனி எந்தக் கணமும் விலா எலும்பின் நிழலுக்குள்ளேயே இருக்க வேண்டும். உள் விளிம்பைத் தாண்டினால் அடுத்தது நுரையீரல்.

எலும்பில் தட்டியும் ரத்தம் வரவில்லை என்றால், அப்படியே உறிஞ்சிக்கொண்டு மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஊசி இறங்கும்போது சிரையின் இரண்டு சுவர்களும் ஒட்டிக்கொண்டு ஒரே குத்தில் துளைபட்டிருக்கும், பின்வாங்கும்போதுதான் நுனி உள்ளறைக்கு வந்து சேரும். பாதிக்கு மேற்பட்ட சமயங்களில் ரத்தம் வருவது இந்தப் பின்வாங்கலில்தான். அதனால் வெறுங்கையோடு வந்தது என்று ஊசியை வேகமாக உருவி எடுப்பது தப்பு. திசை மாற்ற வேண்டுமானால் தோலடி வரை முழுக்க வெளியே இழுத்துவிட்டு மாற்றுங்கள். உள்ளே வைத்தபடியே பக்கவாட்டில் ஆட்டினால் ஊசியின் கூர் முனை கத்தியாகிவிடும்.

ஆழம் புரியாமல் தடுமாறும்போது ஃப்ளூரோவைக் கால் பக்கமாக 35 டிகிரி சாய்த்துப் பாருங்கள். நுரையீரலின் விளிம்பும் ஊசி நுனியும் தனித்தனியாகத் தெரியும்.

இரண்டு முறை குத்தியும் வரவில்லை என்றால் மூன்றாவதுக்கு முன், டை விட்டுச் சிரையைப் படமெடுக்கும் வெனோகிராம். 10 முதல் 20 மி.லி. டை, பின்னாலேயே 20 மி.லி. சலைன் வேகமாக, கையைச் சற்று உயர்த்தி. படத்தை இரண்டாவது மானிட்டரில் நிறுத்திவைத்துவிட்டு, மேசையையும் கேமராவையும் அசைக்காமல் குத்துங்கள். மேசை ஒரு விரற்கடை நகர்ந்தாலும் அந்தப் படம் பொய் சொல்லும். ஏற்கெனவே லீட் உள்ளவருக்கு இன்னொன்று சேர்க்கும் கேஸ் என்றால் வெனோகிராம்தான் முதல் வேலை. வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் சிரை உள்ளே அடைத்துக் கிடக்கும். பாக்கெட்டைத் திறந்த பிறகு அது தெரியவந்தால் தர்மசங்கடம்.

அல்ட்ராசவுண்ட் இருந்தால் டையும் வேண்டாம், ஃப்ளூரோவும் குறையும். லீனியர் ப்ரோப், கிருமி நீக்கிய உறை, ஆழம் 4 செ.மீ. முதலில் குறுக்காக வைத்து இரண்டு வட்டங்களைக் கண்டுபிடியுங்கள். அழுத்தினால் சப்பையாவது சிரை, துடித்துக்கொண்டு வட்டமாகவே நிற்பது தமனி. தமனி மேல்பக்கமும் சற்று ஆழத்திலும் இருக்கும். பிறகு ப்ரோப்பை 90 டிகிரி திருப்பிச் சிரையை நீளவாக்கில் கொண்டுவந்து, ஊசி முழுவதும் திரையில் தெரியும்படி இறக்குங்கள். குறுக்குவெட்டில் குத்துவது சுலபம்போலத் தெரியும், ஆனால் திரையில் தெரியும் வெள்ளைப் புள்ளி ஊசி நுனியா, ஊசியின் நடுப்பாகமா என்று சொல்ல முடியாது. சிரைக்குக் கீழே, மூச்சோடு சறுக்குகிற பளிச்சென்ற கோடு நுரையீரல் உறை. அது தெரியாமல் ஊசி நகரக் கூடாது.

ஆரம்பத்தில் எல்லாரும் செய்வது, ப்ரோப்பை அழுத்திப் பிடித்துச் சிரையைத் தாங்களே மூடிவிடுவது. ப்ரோப்பின் எடையைக்கூடச் சுண்டுவிரலை மார்பில் ஊன்றித் தாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, கீறிய பிறகு பாக்கெட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் படம் மங்கிவிடும். அதனால் தோல் வழியாகவே குத்தி, வயரைப் போட்டுவிட்டு, பிறகு கீறுங்கள். பாக்கெட்டுக்குள் வயரைத் தேடிப் பிடித்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். குத்தும் இடம் ரொம்பவும் வெளிப்பக்கம் போய்விட்டால் லீட் தசைக்குள் நீண்ட தூரம் ஓட வேண்டிவரும், பாக்கெட்டில் கூர்மையாக மடங்கும்.

வயர் எங்கே போகிறது

ரத்தத்தின் நிறத்தை நம்ப வேண்டாம். ஆக்சிஜன் குறைந்த நோயாளியின் தமனி ரத்தமும் கருப்பாகத்தான் இருக்கும், ரத்த அழுத்தம் இறங்கியிருந்தால் பீறிடவும் செய்யாது. வயர் முதுகெலும்பின் வலப்பக்கமாக இறங்கி, உதரவிதானத்துக்குக் கீழே கீழ்ப்பெருஞ்சிரைக்குள் போவதைக் கண்ணால் பார்த்த பிறகே ஷீத்தைத் தொட வேண்டும். இதற்கு விதிவிலக்கு கிடையாது. வயர் முதுகெலும்பின் இடப்பக்கமே இறங்கினால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று தமனி. மற்றது, ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இருக்கும் இடது மேற்பெருஞ்சிரை, இதயத்தின் சொந்தச் சிரையான கரோனரி சைனஸ் வழியாக வலது ஆட்ரியத்தில் திறப்பது. சிறிது டை விட்டால் எது என்று தெரிந்துவிடும்.

தமனியில் ஊசி மட்டும் போயிருந்தால் எடுத்துவிட்டு 10 நிமிடம் அழுத்தினால் தீர்ந்தது. ஆக்ஸிலரி என்றால் விலா எலும்பின் மேல் வைத்து அழுத்தவாவது முடியும், காறை எலும்புக்குப் பின்னால் இருக்கும் சப்க்ளேவியன் தமனியை விரலால் எட்ட முடியாது. ஷீத்தே தமனிக்குள் போய்விட்டதென்றால் அதை உருவாதீர்கள். அதுதான் இப்போது ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியே வைத்துக்கொண்டு ரத்தநாள அறுவை நிபுணரைக் கூப்பிடுங்கள். ஊசி இறங்கும்போது கை விரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல இருக்கிறது என்று நோயாளி சொன்னால், நரம்புப் பின்னலைத் தொட்டிருக்கிறீர்கள், வெளிப்பக்கம் போய்விட்டீர்கள் என்று அர்த்தம்.

ஷீத்துக்குள் இருந்து வழியை விரிக்கும் டைலேட்டரை எடுக்கும் கணம் காற்று உள்ளே போகக் காத்திருக்கும் கணம். மயக்க மருந்தில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பவர்தான் ஆபத்தானவர். தொண்டை அடைத்து, பலமாக மூச்சை இழுப்பார், சீறல் சத்தத்தோடு காற்று உள்ளே போகும். டைலேட்டரை எடுக்கும் முன் அவரை எழுப்பி, “ஐயா, வாயை மூடிக்கிட்டு ம்ம்ம்-ன்னு சொல்லிக்கிட்டே இருங்க” என்று சொல்லுங்கள். முனகும்போது மூச்சு வெளியேதான் போகும். ஷீத்தின் வாயை விரலால் கிள்ளிப் பிடித்து, லீட் நுனி வாசலுக்கு வந்த பிறகே விடுங்கள். காது கேட்காத முதியவரானால் இந்த ஒத்திகையை மயக்க மருந்துக்கு முன்பே செய்துவிடுங்கள்.

சிரிஞ்சில் காற்றுக் குமிழ்கள் வந்தால் நுரையீரல் குத்துப்பட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் கிடைக்கவில்லை என்று உடனே மறுபக்கம் போவது செய்யவே கூடாத காரியம். இரண்டு பக்கமும், நுரையீரலைச் சுற்றிக் காற்று சேரும் நியூமோதோராக்ஸ் வந்தால் ஆளே போய்விடுவார். முதலில் ஃப்ளூரோவில் நுரையீரலின் உச்சியைப் பாருங்கள். ஒல்லியான மூதாட்டி, பல வருடம் பீடி பிடித்து நுரையீரல் ஊதிப்போனவர் ஆகியோருக்குத்தான் இது அதிகம் நடக்கும். அவர்களுக்குச் செஃபாலிக் தவிர வேறு எதையும் முதலில் யோசிக்க வேண்டாம். சின்ன அளவென்றால் ஆக்சிஜன் கொடுத்து, எக்ஸ்ரே திரும்ப எடுத்துக் கவனித்தால் போதும். பெரிதென்றாலோ மூச்சுத் திணறினாலோ மார்பில் டியூப். இடப்பக்கம் குத்திய நோயாளிக்கு வலப்பக்கத்தில் நியூமோதோராக்ஸ் தெரிந்தால் ஊசியைக் குறை சொல்லாதீர்கள். ஆட்ரியத்தில் திருகிய லீட் சுவரைத் துளைத்து வெளியே போயிருக்கிறதா என்று பாருங்கள்.

சப்க்ளேவியனை அடியோடு ஒதுக்க முடியாது. செஃபாலிக் இல்லை, ஆக்ஸிலரி கிடைக்கவில்லை, தற்காலிக வயரின் தயவில் துடிப்பு ஓடுகிறது என்றால் அதுவே வழி. அப்போதும் முடிந்த அளவு வெளிப்பக்கமாகக் குத்துங்கள். ஷீத் இறுக்கமாகப் போனாலோ, லீடைச் சுழற்றும்போது கையில் பிடிப்புத் தெரிந்தாலோ தசைநாருக்குள் இருக்கிறீர்கள். அந்த நிலையிலேயே ஷீத்தை எடுத்துவிட்டு வேறிடத்தில் குத்துவதற்கு ஐந்து நிமிடம் ஆகும். மூன்று வருடம் கழித்து முறிந்த லீடை உருவி எடுப்பது ஒரு நாள் வேலை, உயிருக்கும் ஆபத்து.

அறுவைக் குறிப்பில் “இடது பக்கம், இரண்டு லீட்” என்று மட்டும் எழுதி முடிப்பவர்கள் அதிகம். எந்தச் சிரை, ஒவ்வொரு லீடும் எந்தக் குத்தல் வழியாக, எத்தனை முறை குத்தப்பட்டது, தமனி தொடப்பட்டதா, வெனோகிராமில் குறுகல் தெரிந்ததா, செஃபாலிக்கைத் தேடிக் கைவிட்டதா அல்லது தேடவே இல்லையா என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். செஃபாலிக் சிரை கட்டப்பட்டுவிட்டதா, இன்னும் பாக்கி இருக்கிறதா என்பது, பேட்டரி தீர்ந்து இன்னொரு லீட் சேர்க்க வரும் நாளில் அந்தக் குறிப்பைப் பிரிக்கிறவர் முதலில் தேடும் வரி.